பெர்ட் வில்லியம்ஸ்: கரிக்கு அடியில் இருந்த குரல்

கேட்பவன்:
அமெரிக்கப் பாடகர் ஜானி கேஷ் 2000இல் வெளியிட்ட ஆல்பத்தில் 'நோபடி' என்று ஒரு பாட்டு உண்டு. பல வருடமாகக் கேட்டு வருகிறேன். அது 1905ஆம் ஆண்டுப் பாட்டு என்பது போன வாரம்தான் தெரிந்தது. முதலில் பாடியவர் பெர்ட் வில்லியம்ஸ். 1906இல் கொலம்பியா கம்பெனிக்கு அவர் பாடிய பதிவைத் தேடிப் பிடித்துக் கேட்டேன்.

ஒரே இரைச்சல். அதற்கு நடுவில் ஒரு மனிதர், பாடுகிறார் என்றும் சொல்ல முடியாமல் பேசுகிறார் என்றும் சொல்ல முடியாமல், தனக்குத்தானே புலம்புகிறார். பனி கொட்டுகிறது, பசி, காலெல்லாம் விறைத்துப் போயிருக்கிறது. 'இந்தா 25 சென்ட், போய் ஏதாவது சாப்பிடு' என்று சொன்னது யார்? கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. அப்புறம், 'யாருமில்லை'. எனக்குச் சிரிப்பும் வந்தது, தொண்டையும் அடைத்தது.

பிறகு அவருடைய மேடைப் படத்தைப் பார்த்தேன். முகம் முழுக்கக் கரி, உதட்டைப் பெரிதாக்கிய ஒப்பனை, கைக்கு உறை, தலைக்கு விக். கறுப்பரைக் கேலி செய்ய வெள்ளையர்கள் போட்ட அதே வேஷம். அவரோ கறுப்பர். அன்றிலிருந்து அந்தப் பதிவை மறுபடி போட மனம் வரவில்லை. இவரைப் பற்றித் தெரிந்தவர்கள் யாராவது சொல்லுங்கள். எப்படி இங்கே வந்து சேர்ந்தார்? நாம் எப்படிக் கேட்பது?

பழந்தட்டு:
நல்ல கேள்வி தம்பி. பழைய இசைத்தட்டுப் பைத்தியம் பிடித்த நாளிலிருந்து எனக்கு இவர்மேல் தனிப் பிரியம். கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

1874இல் பஹாமாஸ் தீவுகளின் நசாவு நகரில் பிறந்தவர். சிறு வயதிலேயே குடும்பம் அமெரிக்கா வந்து, கடைசியில் கலிஃபோர்னியாவின் ரிவர்சைடில் தங்கியது. உயர்நிலைப் பள்ளி முடித்த பையன். ஸ்டான்ஃபோர்டில் படிக்கும் ஆசை பணமில்லாமல் போயிற்று. பான்ஜோ வாசிப்பார், பாடுவார். அதனால் நாடோடி மேடைக் குழுக்களில் சேர்ந்தார். அப்படி ஒரு குழுவில்தான் 1893இல் சான் ஃபிரான்சிஸ்கோவில் ஜார்ஜ் வாக்கரைச் சந்தித்தார். அடுத்த 16 வருடம் இருவரும் இணை பிரியவில்லை.

1894இல் அந்த ஊரின் கோல்டன் கேட் பூங்காவில் ஒரு பெரிய பொருட்காட்சி. அங்கே 'தஹோமி கிராமம்' என்று அமைத்து, மேற்கு ஆப்பிரிக்காவின் தஹோமி நாட்டிலிருந்து நிஜ தஹோமியரைக் கொண்டுவந்து காட்டுவதாக ஏற்பாடு. அவர்கள் வந்து சேரத் தாமதமானது. கூட்டம் காத்திருக்குமா? உள்ளூர்க் கறுப்பர்களைப் பிடித்து வேஷம் போட்டு நிறுத்தினார்கள். அதில் நம் வில்லியம்ஸும் வாக்கரும் இருந்தார்கள்! நிஜ ஆட்கள் வந்ததும் இவர்களை அனுப்பிவிட்டார்கள். ஆனால் இவர்கள் திரும்ப வந்து அந்த ஆப்பிரிக்கர்களின் பாட்டையும் ஆட்டத்தையும் நின்று பார்த்தார்கள். என்றைக்காவது மேடையில் ஆப்பிரிக்காவைக் காட்ட வேண்டும் என்ற எண்ணம் அங்கே விழுந்ததாக வாக்கரே பின்னாளில் எழுதியிருக்கிறார்.

விழுந்த விதை 1903இல் முளைத்தது. 'இன் தஹோமி'. இசை வில் மரியன் குக், பாடல்களில் கவிஞர் பால் லாரன்ஸ் டன்பாரின் பங்கும் உண்டு, வசனம் ஜெஸ்ஸி ஷிப். கறுப்பர்களே எழுதி, இசையமைத்து, நடித்த முழுநீள இசை நாடகம் நியூயார்க்கின் நாடகத் தெருவான பிராட்வேயின் பெரிய அரங்கு ஒன்றில் ஏறியது அதுதான் முதல் தடவை. அதைப் பார்க்க வந்த கறுப்பர்களுக்கோ மாடியில்தான் இடம். அதே வருடம் லண்டனுக்குப் போய், ஜூன் 23 அன்று பக்கிங்ஹாம் அரண்மனைத் தோட்டத்தில் அரச குடும்பத்துக்கு முன்னால் ஆடினார்கள். குட்டி இளவரசருக்கு அன்று பிறந்தநாள்.

'நோபடி' 1905இல் வந்தது. சொற்கள் அலெக்ஸ் ராஜர்ஸ், மெட்டு வில்லியம்ஸ்.

கரி விஷயத்துக்கு நாடகக்காரி அக்கா வரட்டும். என்னைவிட அவர் நன்றாகச் சொல்வார்.

நேர்கோடு:
பழந்தட்டு ஐயா, தகவல்களுக்கு நன்றி. ஆனால் நீங்கள் கேள்வியைச் சுற்றிக்கொண்டு போய்விட்டீர்கள்.

வில்லியம்ஸும் வாக்கரும் கறுப்பர்களை இழிவுபடுத்தும் ஒரு சொல்லை எடுத்து, 'நாங்கள்தான் உண்மையான அவர்கள்' என்று சுவரொட்டியில் போட்டு விளம்பரப்படுத்திக்கொண்டவர்கள். வில்லியம்ஸ் மேடையில் யார்? காலை இழுக்கும் நடை, இழுத்து இழுத்துப் பேச்சு, எதைத் தொட்டாலும் விளங்காத துரதிர்ஷ்டசாலி. நேரில் அவர் ஆறடி உயரம், வெளுத்த நிறம், செம்மையான ஆங்கிலம், நிறையப் படிப்பவர். தான் அல்லாத ஒருவனை, வெள்ளையர் பார்க்க விரும்பிய ஒருவனை, ஒவ்வொரு இரவும் கொண்டுவந்து நிறுத்தினார். திறமை இருந்தது என்பதால் அந்தக் கேடு குறைந்துவிடாது. அதே காலத்தில் தெருவில் என்ன நடந்தது? 1900 ஆகஸ்டில் நியூயார்க்கில் வெள்ளைக் கும்பல் கறுப்பர்களை வேட்டையாடியபோது, வில்லியம்ஸ், வாக்கர் பெயர்களைச் சொல்லியே கத்திக்கொண்டு தேடியது. மேடையில் ரசித்த முகங்களைத்தான் தெருவில் தேடினார்கள்.

அந்தப் பாட்டை மறுபடி போட மனம் வரவில்லை என்றால், அந்த மனம் சரியாகத்தான் இருக்கிறது என்பேன்.

நாடகக்காரி:
நேர்கோடு சொல்வதில் எனக்கு மறுப்பில்லை, ஒரு இடத்தைத் தவிர. 'விரும்பிய ஒருவனைக் கொண்டுவந்து நிறுத்தினார்' என்கிறீர்கள் பாருங்கள், அங்கேதான் நான் நிற்கிறேன். நானும் மேடையில் இருந்தவள். ஒரு வேஷத்தைப் போடுவது வேறு, அதற்குள் என்ன செய்கிறோம் என்பது வேறு.

முதலில் நடந்ததைச் சொல்கிறேன். ஆரம்பத்தில் வாக்கர்தான் கோமாளி, வில்லியம்ஸ் மிடுக்காக நின்று பாடுகிறவர். டெட்ராய்ட்டில் ஒருமுறை விளையாட்டாகக் கார்க்கைச் சுட்டுக் கரியாக்கி முகத்தில் பூசிக்கொண்டு, தான் எழுதிய ஒரு பாட்டைப் பாடினார். சபை அதிர்ந்தது. இருவரும் இடம் மாறிக்கொண்டார்கள். வாக்கர் கரி பூசாமல், பட்டுத் தொப்பியும் பளபளக்கும் உடையுமாகப் பகட்டுக்காரனாக வந்தார். வில்லியம்ஸ் கரிக்குள் போனார். அதற்குப் பிறகு மேடைக்கு வந்தபோதெல்லாம் கரியோடுதான்.

1918இல் ஒரு பத்திரிகையில் அவரே எழுதினார்: தன்னை வேறொரு ஆளாகப் பார்க்க முடிந்த பிறகுதான் தனக்கு நகைச்சுவையே கைவந்தது என்று. அதை வெறும் சமாளிப்பு என்று எனக்குத் தள்ளத் தோன்றவில்லை. வெட்கப்படுகிற ஆள், கூச்சக்காரர். முகமூடி கிடைத்ததும் கை கால் விடுபட்டது. அந்த முகமூடி எது என்பதுதான் கொடுமை. வேறொன்றை அவருக்கு அந்த நாடு கொடுக்கவில்லை.

இப்போது உள்ளே என்ன செய்தார் என்று பாருங்கள். பிராட்வேயில் வருடந்தோறும் நடந்த 'ஃபாலீஸ்' என்ற பல்சுவை நிகழ்ச்சியில், 1911இல் ஒரு காட்சி. கிராண்ட் சென்ட்ரல் ரயில் நிலையம் அப்போது கட்டி முடியவில்லை. வில்லியம்ஸ் சுமை தூக்குகிறவர். லியான் எரல் என்ற வெள்ளை நடிகர் பயணி. மேலே இரும்பு உத்தரங்களின் மேல் நடந்து போக வேண்டும். பயணி விழுந்துவிடாமல் இருக்க இருவரையும் ஒரு கயிறு பிணைக்கிறது. வழியெல்லாம் பயணி வழுக்கி விழுகிறார், வில்லியம்ஸ் பொறுமையாக இழுத்து மேலே கொண்டுவருகிறார். பேச்சுவாக்கில் பயணி, உனக்கு 5 சென்ட் தருகிறேன் என்கிறார். அடுத்த தடவை விழும்போது கயிறு அவ்வளவு வேகமாக இழுபடுவதில்லை! கடைசியில் ஒரு வெடிச் சத்தம், பயணி பறந்து போகிறார். வில்லியம்ஸ் நின்ற இடத்தில் நின்று, இந்தக் கட்டடத்தைத் தாண்டிவிட்டார், அந்தக் கோபுர உச்சியைப் பிடித்தால் தப்பித்தார், அடடா தவறவிட்டார், என்று நிதானமாக நமக்குச் சொல்கிறார்.

வருடம் 1911. வெள்ளைப் பார்வையாளர்கள் நிறைந்த அரங்கு. ஒரு வெள்ளைக்காரரின் உயிர் ஒரு கறுப்பர் பிடித்திருக்கும் கயிற்றில் தொங்குகிறது, அதன் விலையை அந்தக் கறுப்பர் மனதுக்குள் கணக்குப் போடுகிறார், சபை அவர் பக்கம் நின்று சிரிக்கிறது. கரி இல்லாமல் இந்தக் காட்சியை எந்த மேடை அவருக்கு அனுமதித்திருக்கும்?

பித்தளை:
இசைப் பக்கத்திலிருந்து ஒன்று சொல்லலாமா? நான் ட்ரோம்போன் வாசிக்கிறவன்.

'நோபடி' பதிவை ஹெட்ஃபோனில் கேளுங்கள். அவர் ஒரு வரி சொல்கிறார், ட்ரோம்போன் கீழ்நோக்கி வழுக்கிக்கொண்டு வந்து பதில் சொல்கிறது. அது சும்மா பக்கவாத்தியம் இல்லை, இரண்டாவது ஆள். நோயாளி பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பாட்டி உச்சுக் கொட்டுவது மாதிரி.

அந்தக் காலத்தில் மைக் கிடையாது. மின்சார முறை 1925இல்தான் வந்தது. பெரிய தகரப் புனலுக்கு முன்னால் நின்று தொண்டை கிழியப் பாட வேண்டும், அப்போதுதான் ஊசி மெழுகில் பள்ளம் வெட்டும். அதனால் அன்றைய பாடகர்கள் எல்லோரும் நாடகக் குரலில் முழங்குவார்கள். தட்டின் நீளமும் குறைவு, ஒவ்வொரு நொடியும் காசு. அப்படிப்பட்ட இடத்தில் ஒருவர் குரலைத் தாழ்த்தி, பேசுகிற மாதிரிப் பாடி, வேண்டுமென்றே தாளத்துக்குப் பின்னால் வந்து, நடுவில் நிறுத்துகிறார். எனக்கு அந்தத் துணிச்சல் ஆச்சரியமாக இருக்கிறது. கேட்பவன் சொன்னாரே 'கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை' என்று, அந்த ஒன்றுமில்லாத இடத்தில்தான் இவருடைய சங்கீதம் இருக்கிறது.

குரல் வீச்சு அதிகம் கிடையாது. அதை மறைக்கப் பார்க்காமல் அதையே பாணியாக்கிக்கொண்டார்.

பழந்தட்டு:
பித்தளை சொன்னதோடு சேர்த்துக்கொள்ளுங்கள். மேடையில் அந்தப் பாட்டுக்கு முன்னால், கோட்டுப் பையிலிருந்து ஒரு சின்ன நோட்டுப் புத்தகத்தை எடுப்பாராம். ஒவ்வொரு பக்கமாகப் புரட்டுவார், தேடுவார், திரும்பவும் புரட்டுவார். சொற்களை மறந்துவிட்டவர் போல. பாடல் தொடங்குமுன்பே சபை பாதி உருண்டிருக்கும். அவசரமே கிடையாது அந்த மனிதருக்கு.

ஆனால் அந்தப் பாட்டு அவரைச் சிறைவைத்தது. ஏழு வருடம் பாட வேண்டியிருந்தது, வேறு எதைக் கொடுத்தாலும் சபை விடவில்லை, பாட்டெழுதியவரையும் மெட்டுப் போட்டவரையும் யாராவது கழுத்தை நெரித்திருக்கக் கூடாதா என்ற அளவுக்குச் சலித்துப்போனேன் என்று அவரே எழுதியிருக்கிறார். மெட்டுப் போட்டவர் அவர்தான்! 1913இல் மறுபடியும் பதிவு செய்தார்.

கொலம்பியாவின் பெரிய விற்பனை நட்சத்திரங்களில் ஒருவர். இர்விங் பெர்லின் எழுதிய 'உட்மேன், ஸ்பேர் தட் ட்ரீ', மதுவிலக்குக் காலத்து 'டென் லிட்டில் பாட்டில்ஸ்', போதகரைப் பற்றிய 'எல்டர் ஈட்மோர்' பேச்சுத் தட்டு, எல்லாம் இன்றும் காதில் நிற்கின்றன.

நேர்கோடு:
நாடகக்காரி அக்கா, அந்தக் கயிற்றுக் காட்சி எனக்குத் தெரியாது. யோசிக்க வைத்துவிட்டீர்கள். ஒன்றைத் திருத்திக்கொள்கிறேன்: வெள்ளையர் விரும்பியதை மட்டும் அவர் கொடுக்கவில்லை.

ஆனால் எல்லோரும் 'உள்ளே புகுந்து மாற்றினார்' என்று சொல்லும்போது, அதற்கு என்ன விலை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 1910இல் தயாரிப்பாளர் ஸீக்ஃபெல்ட் அவரைத் தன் ஃபாலீஸுக்கு எடுத்தபோது உடன் நடிக்கும் வெள்ளையர்கள் வெளியேறிவிடுவோம் என்று மிரட்டினார்கள். ஸீக்ஃபெல்ட் மசியவில்லை, சரி. ஆனால் வெள்ளை நடிகை யாரோடும் தனியாக மேடையில் நிற்கக் கூடாது, தென் மாநிலங்களுக்கு வரமாட்டார் என்றெல்லாம் ஏற்பாடு. அவருடைய பாதுகாப்புக்காகவும்தான். உயிர் பயம் ஒப்பந்தத்தில் எழுதப்பட்டிருந்தது.

பழந்தட்டு:
ஆமாம். அந்த விலை எழுதி மாளாது.

அவரோடு ஃபாலீஸில் ஆடிய வெள்ளை நடிகர் எடி கேன்டர் ஒரு சம்பவம் சொல்வார். ஹோட்டலில் முன்வாசல் லிஃப்டில் வில்லியம்ஸை ஏற்றமாட்டார்கள், பின்பக்க லிஃப்ட்தான். ஒரு நாள் அதைப் பற்றிப் பேசியபோது, காதில் கைதட்டல் இன்னும் ஒலித்துக்கொண்டிருக்காவிட்டால் இது இவ்வளவு உறுத்தாது என்றாராம் வில்லியம்ஸ். கேன்டரும் கரி பூசி ஆடியவர்தான். அவர் ஒப்பனையைக் கழுவிவிட்டு முன்வாசலால் போவார்.

1919 ஆகஸ்டில் நடிகர் சங்க வேலைநிறுத்தம். வழக்கம்போல அரங்குக்கு வந்து, கரி பூசி, உடை மாற்றி, அறையைவிட்டு வெளியே வந்து பார்த்தால் அரங்கில் ஒருவரும் இல்லை. வேலைநிறுத்தம் என்று அவரிடம் யாருமே சொல்லவில்லை. பல வருடம் கூட ஆடியவர்கள். இதை அவர் நகைச்சுவை நடிகர் டபிள்யூ.சி. ஃபீல்ட்ஸிடம் சொல்லியிருக்கிறார். நான் அவர்களில் ஒருவன் இல்லை பாருங்கள், என்று.

ஃபீல்ட்ஸ்தான் பின்னாளில் இவரைப் பற்றிச் சொன்னார்: நான் பார்த்ததிலேயே மிகவும் சிரிக்கவைத்தவர், நான் அறிந்ததிலேயே மிகவும் சோகமானவர்.

கேட்பவன்:
வேலைநிறுத்தச் சம்பவத்தைப் படித்துவிட்டு 'நோபடி'யின் சொற்களை மறுபடி எடுத்துப் பார்த்தேன். உதவிக்கு வந்தது யார், யாருமில்லை, உதவிக்கு வந்தது யார், யாருமில்லை. அந்தப் பாட்டு வந்து 14 வருடம் கழித்து இது நடந்திருக்கிறது.

ஜார்ஜ் வாக்கர் என்ன ஆனார்?

நாடகக்காரி:
வாக்கரைப் பற்றிப் பேசாமல் இந்த இழை முழுமையாகாது. அவர்களுடைய நாடகக் கம்பெனியின் மூளை அவர்தான். பேரம் பேசுவது, பெரிய அரங்கு வேண்டும் என்று அடம்பிடிப்பது, 1908இல் கறுப்பு மேடைக் கலைஞர்களுக்கென்று 'தி ஃப்ராக்ஸ்' என்ற அமைப்பைத் தொடங்கித் தலைவராக இருந்தது, எல்லாம் வாக்கர். 1909இல் 'பண்டானா லேண்ட்' நாடகம் ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்தபோது நோய் முற்றி மேடையில் வரிகள் குழற ஆரம்பித்தன. 1911 ஜனவரியில் இறந்துபோனார். முப்பதுகளில்தான் வயது.

அவர் விழுந்ததும் அவருடைய மனைவி ஐடா ஓவர்டன் வாக்கர் கணவரின் ஆண் உடையை மாட்டிக்கொண்டு, அவர் பாடிய 'பான் பான் படி' பாட்டைத் தானே பாடி நிகழ்ச்சியை நடத்தினார். குழுவின் நடனங்களை அமைத்தவரும் அவரே. நான் மேடையேறிய காலத்தில் இவரைப் பற்றி யாராவது எனக்குச் சொல்லியிருக்கக் கூடாதா என்று இன்றும் நினைக்கிறேன்.

வாக்கர் நோயில் விழுந்த பிறகு தனியாக வில்லியம்ஸால் கம்பெனியைக் கட்டிக் காக்க முடியவில்லை. ஃபாலீஸுக்குப் போனது அதன் பிறகுதான். கறுப்பர்கள் எழுதி, கறுப்பர்கள் நடித்த பெரிய மேடையிலிருந்து, வெள்ளையர் நடுவே ஒரே ஒரு கறுப்பராக நிற்கும் மேடைக்கு. புகழும் சம்பளமும் ஏறியது உண்மை. ஆனால் எனக்கு இதில்தான் அதிக வருத்தம்.

பித்தளை:
அவர் நடித்த படம் ஏதாவது இருக்கிறதா? குரல் கேட்டாயிற்று, உடம்பைப் பார்க்க வேண்டும் போல இருக்கிறது.

நாடகக்காரி:
இருக்கிறது! 1916இல் பயோகிராஃப் படக் கம்பெனி எடுத்த 'எ நேச்சுரல் பார்ன் கேம்ப்ளர்' குறும்படம். அதன் கடைசியில் அவருடைய புகழ்பெற்ற சீட்டாட்ட ஊமை நடிப்பு இருக்கிறது. எதிரே யாரும் இல்லை, கையில் சீட்டும் இல்லை. போடுகிறார், பிரிக்கிறார், தன் சீட்டைக் கொஞ்சமாக உயர்த்திப் பார்க்கிறார். முகத்தில் மெல்ல ஒரு வெளிச்சம் வருகிறது. பந்தயத்தை ஏற்றுகிறார். எதிராளி காட்டியதைப் பார்த்ததும் அந்த வெளிச்சம் எப்படி வடிகிறது என்று பாருங்கள். கரிக்கு மேலே கண்ணும் புருவமும் மட்டும் வேலை செய்கின்றன.

அதைவிட முக்கியமானது 1913இல் எடுத்து வெளியிடாமலே விட்டுவிட்ட படம். நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் 1939இல் வாங்கிய பயோகிராஃப் சரக்கோடு அந்தச் சுருள்கள் வந்து, பல பத்தாண்டு தொகுக்கப்படாமலே கிடந்தன. 2014இல்தான் ஒழுங்குபடுத்தித் திரையிட்டார்கள். அதில் வில்லியம்ஸ் முகத்தில் மட்டும்தான் கரி, மற்ற கறுப்பு நடிகர்கள் எல்லோரும் சொந்த முகத்தோடு, நல்ல உடையில், சிரித்துக்கொண்டு. குடைராட்டினத்தில் ஒடெஸ்ஸா வாரன் க்ரேயோடு அவர் சுற்றும் இடத்தை மட்டுமாவது பாருங்கள். இரண்டு பேர் ஒருவரை ஒருவர் விரும்புகிறார்கள், அவ்வளவுதான். கறுப்பர் காதலைச் சிரிப்புக்கு மட்டுமே காட்டிய காலத்தில் அது ஏன் வெளிவரவில்லை என்று எனக்குத் தோன்றுவதைச் சொல்லத் தேவையில்லை.

நேர்கோடு:
ராட்டினக் காட்சியை இப்போதுதான் பார்த்துவிட்டு வருகிறேன். அவருடைய முகத்தைக் கழுவிவிட வேண்டும் போல இருந்தது. நான் முதலில் எழுதியதை அழிக்கப் போவதில்லை, ஏனென்றால் அந்த வேஷம் செய்த தீங்கு தீங்குதான். ஆனால் 'மறுபடி போடாதே' என்ற பொருளில் எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன். அவர் 1918 கட்டுரையில் எழுதிய ஒரு வரியை இங்கே வைக்கிறேன். கறுப்பனாக இருப்பதில் அவமானம் எதையும் நான் கண்டதில்லை, ஆனால் அமெரிக்காவில் அது பல சமயம் வசதிக்குறைவாக இருந்திருக்கிறது என்று பொருள்படும் வரி. இவ்வளவு கோபத்தை இவ்வளவு மெதுவான குரலில் சொன்னவரின் பாட்டை எனக்கும் முழுதாகக் கேட்க வேண்டும்.

பழந்தட்டு:
கேளுங்கள். 1923க்கு முந்தைய ஒலிப்பதிவுகள் எல்லாம் 2022 ஜனவரி 1 முதல் அமெரிக்காவில் பொதுவுடைமை. இணையத்தில் தாராளமாகக் கிடைக்கின்றன.

கடைசி நாட்களையும் சொல்லிவிடுகிறேன். 1922 பிப்ரவரியில் 'அண்டர் தி பேம்பூ ட்ரீ' என்ற நிகழ்ச்சியோடு சுற்றுப்பயணம். நிமோனியா. தான் நின்றால் மொத்தக் குழுவுக்கும் வேலை போகும் என்பதால் மேடையேறிக்கொண்டே இருந்தார். பிப்ரவரி 27, அதே டெட்ராய்ட். மேடையில் தள்ளாடிச் சரிந்தார். அதுவும் நடிப்பு என்று நினைத்துச் சபை சிரித்தது. தூக்கிக்கொண்டு போனார்கள். மார்ச் 4 அன்று நியூயார்க்கில் உயிர் பிரிந்தது. வயது 47.

1940இல் ஜாஸ் இசையமைப்பாளர் டியூக் எலிங்டன் 'எ போர்ட்ரெயிட் ஆஃப் பெர்ட் வில்லியம்ஸ்' என்று ஓர் இசைக்கோலம் செய்தார். சொல்லே கிடையாது, வாத்தியம் மட்டும். பித்தளை, உங்களுக்கு அதில் நிறைய வேலை இருக்கும்.

பித்தளை:
எலிங்டனைக் கேட்டுக்கொண்டேதான் எழுதுகிறேன் ஐயா. மூன்று நிமிடம் சொச்சம்தான். வாத்தியங்கள் ஒன்றுக்கொன்று பேசிக்கொள்கிற விதத்தில் அந்த இழுவை நடை அப்படியே இருக்கிறது.

கேட்பவன்:
நேற்று இரவு வீட்டில் எல்லோரும் தூங்கின பிறகு 1906 பதிவைப் போட்டேன். இந்த முறை படத்தையும் திரையில் திறந்து வைத்துக்கொண்டு, மூடாமல் கேட்டேன். பித்தளை சொன்ன ட்ரோம்போன் கேட்டது. அவர் நிறுத்தின இடத்தில் நானும் மூச்சை நிறுத்திவிட்டேன் போலிருக்கிறது. அப்புறம் 1913 பதிவு. நாளைக்கு அப்பாவுக்குப் போட்டுக் காட்டப் போகிறேன். அவருக்கு ஆங்கிலம் அவ்வளவாக வராது, ஆனால் அந்த ஒரு சொல் புரியும்.